சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தது

மார்ச் 3

மதிப்புக்குரிய பேராசிரியைக்கு,

இப்படித் தொடங்குவதற்கே மூன்று தாள் வீணாகிவிட்டது. கட்டிய மனைவிக்கு ‘மதிப்புக்குரிய’ போட்டு எழுதுகிறவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். ஆனால் ஒன்பது வருடமாக ஒரு வரி எழுதாதவன், எடுத்த எடுப்பில் உன்னைப் பழைய பட்டப்பெயரில் கூப்பிட்டால் நீ உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாய். மின்னஞ்சல் போட்டிருக்கலாம். போட்டால் ‘பார்த்தேன், நன்றி’ என்று கதையை முடித்துவிடுவாய். அதனால்தான் தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகள் பொருள்களை ஒளித்துவைத்து விளையாடுவது பற்றிய உன் புதுக் கட்டுரை போன வாரம் வந்தது. என் பழக்கம் உனக்குத் தெரியும். எந்தக் கட்டுரையானாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. உன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். அம்மாவைப் பிரியும் குழந்தைகள் பற்றி நாம் சேர்ந்து எழுதிய நம் கட்டுரை இல்லை.

நான் இங்கே வந்த பிறகு நீ எழுதிய ஒவ்வொன்றிலும் அது இருந்தது. சட்டைப் பொத்தான் போடக் குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கட்டுரையில்கூட இருந்தது. “பொத்தானுக்கும் பிரிவுக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று என் மாணவன் கேட்டான். “இருக்கும்டா, நீ சும்மா படி” என்று அவன் வாயை அடைத்தேன். நானும் லேசுப்பட்டவன் இல்லை. என் கட்டுரை எதிலும் உன்னை விட்டதே கிடையாது. நாம் பேசிக்கொள்ளவில்லையே தவிர, கடைசிப் பக்கத்தில் சந்தித்துக்கொண்டுதான் இருந்தோம். இப்போது மட்டும் ஏன் விட்டாய்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே குழந்தை வளர்ச்சி ஆய்வுக்கென்று தனி மையம் திறக்கிறார்கள். தலைமைப் பொறுப்புக்கு என் பெயர் பரிசீலனையில் இருக்கிறது. நான் எழுதியது என்னென்ன, எதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். என்னுடைய மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் நம் கட்டுரையின் முழங்காலுக்கு வராது. ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை. சத்தியமாக இல்லை.

ஆய்வு அறையின் மேற்கு ஜன்னல் இப்போதாவது ஒழுங்காகச் சாத்த வருகிறதா?

இப்படிக்கு,
முன்னாள் சக ஆய்வாளன்


மார்ச் 19

முன்னாள் சக ஆய்வாளர் அவர்களுக்கு,

அடேயப்பா! எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து நான் ஊன்றுகோலோடு வகுப்பெடுத்தபோது ஒரு வரி இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் விட்டுப்போனதும் உறை வருகிறது, தபால்தலை வருகிறது, ‘மதிப்புக்குரிய’ வருகிறது. அதுவும் முழங்காலை உதாரணம் காட்டிக்கொண்டு. வயிறெரிகிறது.

‘நம் கட்டுரை’ என்கிறாய். எழுதியது மூன்று பேர். நீ, நான், நமக்கு வழிகாட்டிய நம் பெரியவர். உலகம் அதை எப்படிச் சொல்கிறது? உன் பெயர், அதற்குப் பின்னால் ‘மற்றும் பிறர்’. அந்தப் பிறர் நான்தான். எத்தனையோ பேர் நம் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அத்தனை இடத்திலும் நான் பிறர். என்னையே நான் மேற்கோள் காட்டும்போதும் ‘மற்றும் பிறர்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் கொடுமை உனக்கு நடந்திருந்தால் தெரியும்.

என்ன பேசி வைத்தோம்? முதல் ஆய்வில் உன் பெயர் முன்னால், இரண்டாவது ஆய்வில் என் பெயர் முன்னால். அந்த இரண்டாவது ஆய்வு என்ன ஆயிற்று? நீ பெட்டியைக் கட்டினாய். “உனக்கும் அங்க ஒரு இடம் கேட்டிருக்கேன்” என்றாய். மற்றும் பிறருக்கு எவன் இடம் கொடுப்பான்?

சரி, கேட்டதற்குப் பதில். மறந்து விடவில்லை, தெரிந்துதான் விட்டேன்.

போன வருடம் புதுக் கட்டடத்தில் ஆய்வு அறை கொடுத்தார்கள். தடித்த சுவர், கனமான கதவு, எல்லாம் புதுசு. என் மாணவி நம் பழைய சோதனையை அப்படியே திரும்பச் செய்தாள். ஒரு வயதுக் குழந்தை, தரையில் பொம்மைகள், அம்மா எழுந்து வெளியே போகிறாள். நம் அறையில் என்ன நடந்தது? குழந்தை சிறிது நேரம் கதவையே பார்த்தது, சிணுங்கியது, பிறகு தானாகவே பொம்மைப் பக்கம் திரும்பியது. ஒரு வயதுக் குழந்தையால் சிறு பிரிவைத் தன்னந்தனியாகத் தாங்க முடியும் என்று எழுதினோம், ஊரெல்லாம் கைதட்டியது.

இங்கே ஒன்றுகூடத் திரும்பவில்லை. எல்லாம் கதவடியில் உட்கார்ந்து அழுகிறது. மாணவி தனக்குத்தான் ஏதோ தப்பு என்று நினைத்து அவளும் அழுதாள். நான் நம்பாத ஒன்றை நான் எப்படி மேற்கோள் காட்டுவேன்?

பழைய அறையின் மேற்கு ஜன்னல் இன்னும் சாத்த வருவதில்லை. நீதானே அட்டை மடித்துச் செருகுவாய்?

இப்படிக்கு,
மற்றும் பிறர்


ஏப்ரல் 6

பேராசிரியைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முழங்கால் விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் கிழித்திருப்பாயா என்று கேட்பாய். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ‘பிறர்’ பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

என் எண்ணிக்கையைச் சந்தேகப்படுகிறாய். எதை வேண்டுமானாலும் சொல், அதை மட்டும் சொல்லாதே. சோதனையைப் படம்பிடித்த ஒவ்வொரு வீடியோ நாடாவையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவன் நான். குழந்தையின் பார்வை கதவில் எவ்வளவு நேரம் இருந்தது, பொம்மையில் எவ்வளவு நேரம், அம்மா உட்கார்ந்திருந்த காலி நாற்காலியில் எவ்வளவு நேரம் என்று குறித்தவன். பெரியவர் என்ன சொல்லுவார்? “சத்தத்த அணைச்சுட்டுப் பாருங்கப்பா. காது இரக்கப்படும், கண்ணு இரக்கப்படாது.” அழுகையைக் கேட்டால் மனசு இளகும், மனசு இளகினால் எண்ணிக்கை ஒரு பக்கம் சாயும். அதற்காகவே ஒரு நாடாவைக்கூட நான் சத்தத்தோடு பார்த்ததில்லை. அதற்காகத்தானே எனக்கு ‘ஊமைப்படம்’ என்று பெயர் வைத்தாய்? நாடாக்கள் உன் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. எதை வேண்டுமானாலும் எடுத்து எண்ணிப் பார்.

இங்கே என் அறை மூன்றாவது மாடியில். ஒரு மேசை, எனக்கு ஒரு நாற்காலி, வருபவருக்கு இன்னொரு நாற்காலி. யாரும் வருவதில்லை என்பதால் அதில் புத்தகங்களை அடுக்கிவிட்டேன். நல்ல அமைதி. அமைதி வேண்டும் என்று எத்தனை நாள் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்? இப்போது கிடைத்துவிட்டது, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வீட்டுக்கு இரண்டு சாவி செய்தேன். பருவத் தேர்வு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று நீ சொன்னாய். ஒன்று இன்னும் ஆணியில் தொங்குகிறது. வேலை கிடைக்காவிட்டால் என்ன, நீ வந்திருக்கலாமே என்று எழுத வந்தேன். எழுதும்போதே நீ பல்லை நறநறவென்று கடிப்பது கேட்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் ரயில் ஏறிய அன்று நீ நடைமேடையில் நின்றாய். வண்டி நகர்ந்ததும் கதவோரம் வந்து உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது நாம் எழுதியதைத்தான் நினைத்துக்கொண்டேன். முதல் சில நிமிடம்தான் கஷ்டம், அப்புறம் பார்வை தானாகத் திரும்பிவிடும். அந்தக் கட்டுரையை அன்றைக்கு நான் நம்பியது போல் வேறு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அது தப்பென்றால் எனக்குக் கட்டாயம் தெரிந்தாக வேண்டும்.

ஊமைப்படம்


மே 11

ஊமைப்படத்துக்கு,

முதலில் உன் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். எல்லா நாடாவையும் எண்ணிப் பார்த்தோம். உன் எண்ணிக்கையில் ஒரு குழந்தைகூடப் பிசகவில்லை. மாணவி வாயைப் பிளந்துவிட்டாள். “யாரு மேடம் இவரு, மனுஷனா மெஷினா?” என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

அந்தப் பெண்ணுக்குப் பெரியவரின் கட்டளையெல்லாம் தெரியாது. நான் மதிய வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு நாடாவைச் சத்தத்தோடு ஓட விட்டிருக்கிறாள். திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். குரல் எங்கேயோ கேட்டது போல இருக்கிறது. யாரடா இவ்வளவு பேச்சு பேசுகிறாள் என்று பார்த்தால் நான்தான்!

பழைய அறை நினைவிருக்கிறதா? நடுவில் குழந்தை. ஒரு பக்கம் நீ, பலகையில் வெட்டிய ஓட்டை வழியாகக் காமிராவை நீட்டிக்கொண்டு. இன்னொரு பக்கம் காத்திருக்கும் அறையில், வெளியே வந்த அம்மாவோடு நான். நடுவில் இருந்தது சுவரா? ஒட்டுப்பலகை. நானோ வாயாடி. குழந்தையை விட்டுவந்த அம்மா பதறுவாளே என்று பேச்சுக் கொடுத்தேன். முடி கொட்டுவது, மாமியார், வாடகை, குழந்தை ராத்திரி தூங்காதது, எல்லாம் பேசினேன். அவர்களும் பேசினார்கள். சிரித்தோம். அத்தனையும் நாடாவில் இருக்கிறது.

குழந்தை கதவைப் பார்க்கிறது, உதடு பிதுங்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா ஏதோ சொல்கிறாள், நாங்கள் சிரிக்கிறோம். குழந்தை தலையைச் சாய்த்துக் கேட்கிறது. பிறகு பொம்மையை எடுக்கிறது. அடுத்த நாடாவிலும் அதுதான். அதற்கடுத்ததிலும் அதுதான். நாம் தனியாகத் தாங்குகிறது என்று எழுதிய எந்தக் குழந்தையும் தனியாக இல்லை.

கொஞ்சம் பேர் மட்டும் தாங்கவில்லை, ஒரே வாரத்தில் வந்த குழந்தைகள், ஞாபகம் வருகிறதா? அவர்களுக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம் என்று நீ ஒரு பக்கம் முழுக்கக் காரணம் எழுதினாய். சுபாவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நம் கட்டுரையைக் காட்டித்தானே காப்பகங்களில் அம்மாக்களிடம் சொல்கிறார்கள், ‘சொல்லிக்கொள்ளாமல் சட்டென்று போய்விடுங்கள், குழந்தை தானாக அடங்கிவிடும்’ என்று? எத்தனை கதவுக்குப் பின்னால் எத்தனை குழந்தை அழுதிருக்கும்?

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். பெரியவர் இப்போது இல்லை, கையெழுத்துப் போட மிச்சம் நாம் இருவர்தான். உன் மையம், தலைமைப் பொறுப்பு எல்லாம் எனக்கு மறக்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். நீ போடாவிட்டால் என் பெயரை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். ஆனால் நீ போட வேண்டும் என்று எனக்கு ஆசை.

நாடாவில் இன்னொரு குரலும் இருக்கிறது. காமிராவுக்குப் பக்கத்தில், ரொம்ப மெதுவாக. உன்னுடையது. என்ன சொல்கிறாய் என்று இப்போது எழுத மாட்டேன். அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன் என்று நாளைக்கு ஆகிவிடக் கூடாது.

வாயாடி


ஜூன் 27

வாயாடிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொண்டிருப்பாய். முதல் பத்து நாள் உன்மேல் கோபம், அடுத்த பத்து நாள் என்மேல். தேர்வுக்குழு கூடும்வரை பொறுத்துக்கொள், அப்புறம் அனுப்பலாம் என்று உனக்கு ஒரு கடிதமும் எழுதினேன். எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, தபால்பெட்டிவரை போனேன். போகிற வழியில் ஒரு காப்பகம் இருக்கிறது. வாசலில் ஓர் அம்மா குழந்தைக்குத் தெரியாமல் நழுவிக்கொண்டிருந்தாள். ஆயா அவளிடம், “நீங்க போங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும், படிச்சவங்களே எழுதியிருக்காங்க” என்றாள். அந்தப் படிச்சவன் நான், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உறையைக் கிழித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதழுக்கு நானே அனுப்பியும்விட்டேன். பிறகு குழுத் தலைவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அதை எடுத்துட்டா உங்க பேர்ல மிச்சம் என்னங்க இருக்கு?” என்றார். “நீங்களே ஏன் வந்து சொல்றீங்க? கொஞ்ச நாள் பொறுத்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது?” என்றார். என் மனைவிக்குத் தெரியும் என்றேன். எனக்குக் கல்யாணம் ஆனதே இங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் அதுதான் பேச்சு. பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. மூக்குடைபட்டதில் வலி இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒன்று குடைகிறது. சத்தத்தை அணைத்தது நாடா பார்க்கும்போதுதான். சோதனை நடந்தபோது நான் அங்கேதானே நின்றேன்? ஒட்டுப்பலகை வழியாக உன் பேச்சு என் காதிலும் விழுந்திருக்குமே, ஏன் எனக்கு உறைக்கவில்லை? யோசித்துப் பார்த்தேன். கல்லூரியில் பழக ஆரம்பித்த நாளிலிருந்து நீ பேசாத பொழுதே எனக்கு இருந்ததில்லை. மின்விசிறி ஓடுவது யாருக்காவது கேட்குமா? நின்றால்தான் தெரியும். இங்கே வந்து மூன்றாவது மாடியில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதும் அதற்கு அமைதி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யாராவது நம்மை மேற்கோள் காட்டினால் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். வேறு யாராவது என்றால் மூடிவிடுவேன். நீ என்றால் அன்றைக்கு வேலை ஓடாது. கீழே இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு, தெருமுனைவரை சும்மா நடந்துவிட்டு வருவேன். சரி, இருக்கிறாள், எழுதுகிறாள், என்னை விடவில்லை என்று நினைத்துக்கொண்டு மேலே வந்து பிறகு நிம்மதியாக வேலை பார்ப்பேன். ஒன்பது வருடம் தனியாகத் தாங்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. நானும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, உன் சத்தத்தைக் கேட்டுத்தான் தாங்கியிருக்கிறேன். மார்ச்சில் உன் பட்டியலில் நம் கட்டுரை இல்லை என்றதும் கதவடியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். அதுதான் என் முதல் கடிதம்.

இனி அந்தக் கட்டுரையை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள். மின்னஞ்சல் வராது. நம் இருவர் பெயரும் சேர்ந்து வர வேறு இடமும் இல்லை. தலைமைப் பொறுப்பு போனதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததெல்லாம் இதற்குத்தான்.

நாடாவில் நான் என்ன சொல்கிறேன்? எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

ஊமைப்படம்


ஜூலை 9

என் ஊமைப்படத்துக்கு,

கல்யாணம் ஆனதைக் குழுத் தலைவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாயே, மண்டு. இதைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் சிரித்தேன், எவ்வளவு நேரம் அழுதேன் என்று எண்ணிச் சொல்ல இங்கே நீ இல்லை.

இதழிலிருந்து எனக்கும் பதில் வந்துவிட்டது. என் கணக்கிலும் பெரிய ஓட்டை விழுகிறது. விழட்டும். பிறராக இருந்து வாங்கிய பெயர் எனக்கென்ன ஒட்டவா போகிறது?

மாணவி துடிக்கிறாள். பாதிக் குழந்தைகளுக்கு அம்மாவின் குரல் கேட்க வேண்டும், மீதிப் பாதிக்குக் கேட்கக் கூடாது, பிறகு ஒப்பிட வேண்டும் என்கிறாள். அவளிடம் சொன்னேன், “இது புதுசு இல்லடி, நாங்க செய்யாம விட்ட ரெண்டாவது ஆய்வு இதுதான்” என்று. பழைய அறை பூட்டித்தான் கிடக்கிறது. சாவி கேட்டு வாங்கிவிட்டேன். ஒட்டுப்பலகை அப்படியே இருக்கிறது, நீ வெட்டிய ஓட்டையும் இருக்கிறது. காமிராவுக்குப் பின்னால் நின்று எண்ண ஆள் வேண்டும். இந்த முறை சத்தத்தோடு. என் பெயர்தான் முன்னால் வரும், அதில் பேச்சே இல்லை. உன் பெயர் இரண்டாவது, மாணவியுடையது மூன்றாவது. நீ கொஞ்ச நாள் ‘மற்றும் பிறர்’ ஆக இருந்து பார்.

விடுமுறை விட்டதும் வா. ஆணியில் தொங்கும் சாவியையும் எடுத்துக்கொண்டு வா, அது என்னுடையது. மேற்கு ஜன்னலுக்கு அட்டையும் வேண்டும்.

இப்போது நீ கேட்டது. ஒலியை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டேன். குழந்தை கதவைப் பார்த்து அழத் தொடங்குகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். உடனே நீ, உதட்டுக்குள்ளேயே, “இருக்கா... அங்கதான் இருக்கா” என்கிறாய். குழந்தைக்குச் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவைச் சொல்கிறாய் என்று. ஆனால் அம்மா தனியாகப் பேசும்போது நீ சொல்வதில்லை. அம்மா சிரிக்கும்போதும் சொல்வதில்லை. எல்லா நாடாவையும் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் சிரிக்கும்போது மட்டும்தான் சொல்கிறாய். தொண்டை கட்டிய வாரத்து நாடாக்களில் உன் குரலே இல்லை.

கடைசி நாடா முடிந்ததும், அந்தப் பழைய காலி அறையில் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பைத்தியக்காரி மாதிரி சத்தமாகவே பதில் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன்.

வாயாடி